இரங்கல் வக்கீலின் அக்கா

அந்த ஊரில் யாராவது செத்தால் முதலில் டாக்டர் வருவார், அடுத்து வக்கீல் வருவார். டாக்டராவது கூப்பிட்டால்தான் வருவார். வக்கீலுக்கு அந்தச் சம்பிரதாயமெல்லாம் கிடையாது. ஒரு வீட்டு வாசலில் வழக்கத்தைவிட நாலு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடந்தால் போதும், உள்ளே போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று ஆரம்பித்துவிடுவார். அன்னார் யார், என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள் என்பதையெல்லாம் பேச்சின் நடுவில் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் இரங்கல் வக்கீல். நேரில் பார்த்தால் வக்கீல் சார்.

அவருடைய அக்கா மட்டும் "டேய்" என்பாள். அவள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சோறூட்டி, தட்டித் தூங்கவைத்து, சாயங்காலம் தலைவாரித் திருப்பிக் கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க மூன்று வயதுக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, பெற்ற பிள்ளைபோல் வளர்த்த தம்பியை 'அவர்' என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கதை அவள் பக்கம் நின்று சொல்லப்படுவதால் இனி இங்கேயும் அவன் அவன்தான்.

அவன் வக்கீல் ஆன கதை ஒன்றும் பெரிய காவியமில்லை. அப்பா போனபிறகு அக்காதான் படிக்கவைத்தாள். சட்டப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டடித்து, மூன்றாம் தடவை எப்படியோ கரையேறினான். "வாயிருக்கு, பொழச்சுக்குவான்" என்று அக்கா நினைத்தாள். அவள் நினைத்தது பாதி சரி. வாய் இருந்தது.

அவனைச் சேர்த்துக்கொண்ட சீனியர் அந்த ஊர் நீதிமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கோப்புகள் ஜன்னலை மறைத்து அடுக்கியிருக்கும். பட்டப்பகலில் விளக்கு எரியும். தம்பிக்குக் கிடைத்த நாற்காலி கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தது. யாராவது உள்ளே போக வேண்டுமென்றால் அவன் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும், வெளியே வரும்போது மறுபடி எழ வேண்டும். சீனியருக்கு நீரிழிவு வேறு. வருஷக்கணக்கில் அப்படி எழுந்து உட்கார்ந்து பழகியதால்தானோ என்னவோ, பெரிய மனிதர் யாரைக் கண்டாலும் அவன் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். சட்டப் புத்தகத்தை எப்படிப் பிரிப்பது என்று அந்த மனிதர் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று.

"கேஸ முடிச்சுட்டா கட்சிக்காரன் போயிடுவான் தம்பி. முடிக்காம வெச்சிரு. நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வருவான்."

தம்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அவனிடம் வந்த வழக்கு எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வாய்தா வாங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வயிற்றுவலி, வண்டி பழுது, சாட்சி வெளியூர், கோப்பு வீட்டில் என்று அவன் சொல்லாத காரணமில்லை. எதிர்த் தரப்பு வக்கீலும் ஆட்சேபனை இல்லை என்பார். இன்றைக்கு இவன், நாளைக்கு அவர். நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகைச் சொறிகிறேன்.

இரண்டாவது குரு, வக்கீல்கள் சங்கத்தின் பழைய செயலாளர். வழக்கு நடத்தாத வக்கீல் எப்படிப் பெரிய மனிதன் ஆவது என்ற சூட்சுமத்தை அவர்தான் காட்டிக்கொடுத்தார். சமூக சேவை! அவர் கைகாட்டிய வழியில் தம்பி ஒவ்வொரு சங்கமாக ஏறினான். பூங்காவில் நடைபயிற்சி செய்வோர் சங்கத்துக்குத் தலைவன் ஆனான். தலைவன் ஆனபின் நடக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் நடப்பதற்குத் தலைமை தாங்கினான். நூலக வாசகர் வட்டத்துக்குச் செயலாளர் ஆனான். அவன் கடைசியாக முழுதாகப் படித்த புத்தகம் எது என்று அக்காவுக்குத் தெரியும், அதில் படங்கள் இருந்தன. ரத்ததான முகாமைத் தொடங்கிவைக்கப் போய், ஊசியைப் பார்த்ததும் கண் இருண்டு, ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு வைத்திருந்த பழச்சாற்றை முதலில் வாங்கிக் குடித்தவன் அவன்தான். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. படத்தில் அவன் கையில் பழச்சாறு இருந்தது.

இலவசச் சட்ட உதவி முகாம் என்று ஒன்று நடத்தினான். வீட்டுக்காரன் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டான், என்ன செய்யலாம் என்று ஒரு பெண் கேட்க வந்தாள். தண்ணீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று அவளுக்கு ஒரு மணி நேரம் சொற்பொழிவு நடந்தது. அவள் தாகத்தோடு வந்து தாகத்தோடு போனாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இவ்வளவு சேவைக்கும் நடுவில் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது வங்கியில் வேலை பார்த்த அவன் மனைவியால். அதையும் அவன் மேடையில் சொல்வான்: "என் துணைவியார் குடும்பத்தைக் கவனிப்பதால்தான் நான் சமுதாயத்தைக் கவனிக்க முடிகிறது." கைதட்டுவார்கள். அந்தப் பெண் ஒருநாள்கூட அந்தக் கூட்டங்களுக்குப் போனதில்லை, கெட்டிக்காரி.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் தன் வழக்கை அவனிடம் கொடுத்தாள். சொந்தத் தம்பி வக்கீலாக இருக்கும்போது வேறு வக்கீலிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? ஊருக்குப் பயந்து செய்கிற காரியம் எதுதான் உருப்பட்டிருக்கிறது.

வழக்கு இதுதான். காப்பகத்தின் பக்கவாட்டில் ஓர் அறை உண்டு. பிள்ளைகள் மதியம் தூங்குகிற அறை. தகரக் கூரை, தரையெல்லாம் பாய், சுவரில் அவர்கள் உயரத்துக்குக் கைகழுவும் குழாய்கள், ஓரத்தில் குட்டிக் கழிப்பறை. அக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்துக் கட்டியது. பக்கத்தில் மரச்சாமான் கடை வைத்திருப்பவனுக்கு வியாபாரம் பெருத்தது, வண்டி நிறுத்த இடம் வேண்டியிருந்தது. அந்த அறை நிற்கிற மண் தன்னுடையது என்று திடீரென்று ஒருநாள் கண்டுபிடித்தான். இடிப்பேன் என்றான். அக்கா நீதிமன்றத்துக்குப் போனாள். அறையைத் தொடக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது.

அந்தத் தடைக்கு ஆயுள் குறைவு. அடுத்த விசாரணைத் தேதிவரைதான் உயிரோடு இருக்கும். அந்தத் தேதியில் வக்கீல் எழுந்து நின்று, "தடையை நீட்டிக்க வேண்டும்" என்று சொன்னால் இன்னொரு தேதிவரை பிழைக்கும். சொல்லாவிட்டால் அங்கேயே செத்துவிடும். மண் யாருடையது என்பதை நிரூபிக்க அவன் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை. ஆனால் தேதிக்குத் தேதி எழுந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதுவே பெரிய விஷயம் என்று அக்கா ஒவ்வொரு தேதிக்கும் ஆயாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு நீதிமன்றம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பிள்ளைக்குப் பின்னால் அவள் நடப்பது வழக்கம்தானே.

இப்படி இருக்கும்போது சீனியர் செத்துப்போனார். அடுத்த நாள் காலை அக்காவின் வழக்குக்குத் தேதி.

வக்கீல் ஒருவர் இறந்தால் அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் பெரிய கூடத்தில் கூடுவார்கள். நீதிபதிகள் மேலே உட்காருவார்கள். ஒருவர் இரங்கல் உரை படிப்பார். பிறகு மௌனம். அதன்பின் அன்றைய வழக்குகள் எல்லாவற்றையும் வேறு தேதிக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உரை படிக்க அவனை விட்டால் யார்? அதிலும் போனது அவனுடைய சொந்த சீனியர். மாமனார் வீட்டுக்குப் புறப்படுகிற புது மாப்பிள்ளைபோல் சலவை மடிப்புக் கலையாமல் வந்து நின்றான். கருப்புக் கோட்டு பளபளத்தது.

தாளைப் பிரித்தான். தாள் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைப் பையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். பை பின்வரிசையில் அக்காவின் மடியில் இருந்தது. கூடமே அமைதியாகக் காத்திருக்க, அவன் தாளை நீட்டிப் பார்த்தான், கிட்டே இழுத்துப் பார்த்தான். அக்காதான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அத்தனை வக்கீல்களின் முழங்கால்களையும் தாண்டிப் போய் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு பேசினான். அப்பப்பா, என்ன பேச்சு! கழிப்பறைக் கதவு ஓரத்து நாற்காலி அந்தப் பேச்சில் ஞானபீடம் ஆயிற்று. "என் தந்தைக்கும் மேலானவர்" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தான். சொந்த அப்பா போனபோது இவன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்ததை நினைத்து அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மௌனம் முடிந்தது. அக்காவின் வழக்கை விசாரிக்கிற நீதிபதியம்மா எழுவதற்கு முன்னால் கீழே இருந்த குமாஸ்தா குரல் கொடுத்தார்.

"இன்னைக்குத் தேதி எல்லாம் தள்ளிப் போகுது. தடை நீட்டிக்க வேண்டியது இருந்தா வக்கீல்கள் இப்பவே சொல்லிடுங்க."

அங்கங்கே வக்கீல்கள் எழுந்து சொன்னார்கள். அக்கா தம்பியைத் தேடினாள். ஆளைக் காணோம். வெளியே தாழ்வாரத்தில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் கையைக் குலுக்குகிறார், இன்னொருவர் பேச்சின் நகல் கேட்கிறார். வக்கீல்கள் சங்கத் தலைவர் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, அவன் போட்டியிடுகிறான். அக்கா கூட்டத்தில் புகுந்து கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், நம்ம கேஸு. உள்ள கேக்கறாங்கடா."

"அக்கா, இன்னைக்கு கோர்ட்டே கிடையாது. துக்க நாள். எல்லாம் தள்ளிப் போச்சு. நீ வீட்டுக்குப் போ."

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் வந்து சொல்லிட்டுப் போடா."

"எனக்குத் தெரியாதா அக்கா? பெரியவங்க நிக்கிறாங்க, இப்படிக் கோட்டப் பிடிச்சு இழுக்காத."

அவள் கையை விட்டாள். தனக்குத் தெரியாதது ஏதோ அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அவ்வளவு வருஷம் அவனைப் பார்த்தும் அப்படி நினைக்கத் தோன்றியதே, அதை என்னவென்று சொல்ல. அவள் மறுபடி உள்ளே போவதற்குள் நீதிபதியம்மா எழுந்து போய்விட்டார். எதிர்த் தரப்பு வக்கீல் மட்டும் தன் கோப்பை நிதானமாக மூடிக்கொண்டு, கைபேசியை எடுத்தபடி படியிறங்கிப் போனார்.

மதியம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது மண்வாரி இயந்திரம் சந்துக்குள் வந்தது. பின்னால் கடப்பாரையோடு ஆட்கள். மரச்சாமான் கடைக்காரன் வாசலில் நின்று, "பிள்ளைங்கள வெளிய எடுத்துக்குங்கம்மா" என்றான், ஏதோ உபகாரம் செய்கிறவன்போல.

"தடை இருக்குய்யா! கோர்ட்டு தடை இருக்கு!"

"எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம். இன்னைக்கு யாராவது நீட்டிச்சாங்களா?"

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். சீனியரின் அடக்கத்துக்குப் போயிருந்தான். இறந்தவருக்கு மரியாதை வேண்டாமா. அக்காவும் ஆயாவும் தூக்கம் கலையாத பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். சுவரில் முதல் இடி விழுந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் வீறிட்டன. ஒரு குட்டிப் பெண் தன் பாய் உள்ளே இருக்கிறது, பாய் வேண்டும் என்று அழுதாள். அக்காவும் அங்கேயே நின்று எல்லார் முன்னாலும் அழுதாள். சின்னக் குழாய்கள் பிய்ந்து தண்ணீர் தெருவரை ஓடியது.

சாயங்காலம் வந்த தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இடிபாட்டைப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறோம் டீச்சர், அதுக்கு மேல வேற இடம்தான் பாக்கணும்" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த அறை திரும்பக் கிடைக்கவில்லையென்றால் காப்பகம் இல்லை. காப்பகம் இல்லையென்றால் அக்காவுக்கு வேறு பிழைப்பும் இல்லை, வேறு எதுவும் அவளுக்குத் தெரியவும் தெரியாது.

தம்பி வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. இடிபாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். நடைபயிற்சிச் சங்கத் தலைவனாக அவன் நடந்த ஒரே நடை அதுவாகத்தான் இருக்கும்.

"டெக்னிக்கலா பாத்தா அக்கா, அவன் இடிச்ச நேரத்துல தடை உயிரோட இல்ல."

"அதுவும் செத்துப்போச்சா? நல்லதாப் போச்சு. அதுக்கும் ஒரு இரங்கல் பேசிடு."

"கோவப்படாத. வழி இருக்கு."

வழி இருக்கத்தான் செய்தது. தடையை நீட்டிக்கக் கேட்காமல் விட்டது வக்கீலின் தவறு, கட்சிக்காரர் மேல் குற்றமில்லை என்று வக்கீலே சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் போட்டு மனு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால், பழைய நிலைக்குக் கொண்டுவா என்று நீதிமன்றம் உத்தரவிட இடமுண்டு. அதாவது கடைக்காரன் தன் செலவில் அறையைக் கட்டித்தர வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. 'தவறு என்னுடையது' என்று ஒரு வரி. ஊரில் உள்ள பிணங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

நாளைக்கு எழுதுகிறேன் என்றான். மறுநாள் தலைவலி. அதற்கடுத்த நாள் தேர்தல் பிரசாரம். பொறுப்புள்ள தலைவர் என்று சுவரொட்டி அடித்திருந்தான். பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று நீதிமன்றத்தில் எப்படி எழுதிக்கொடுப்பது? சொந்த அக்காவிடமே வாய்தா வாங்கினான். அக்கா தினமும் அவன் அலுவலகத்துக்குப் போய் எதிர் நாற்காலியில் குத்துக்கல்போல் உட்கார்ந்தாள்.

"மறந்துட்டேன்னு எழுதுடா. யாரு மறக்கல உலகத்துல?"

"மறதின்னு எழுதக்கூடாது அக்கா. சட்டத்துல அதுக்கு வேற பாஷை இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

கடைசியில் ஒருநாள் அவனாகவே போன் செய்தான். "எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. வெள்ளிக்கிழமை விசாரணை. நிம்மதியாத் தூங்கு." அவள் உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் எழுந்து, ஆயிரம்தான் இருந்தாலும் என் தம்பி என்று ஆயாவிடம் சொன்னாள். ஆயா பால் பாட்டில்களைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வழக்கமான பின்வரிசையில் உட்கார்ந்தாள். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"யுவர் ஆனர், நான் வாதாட வேண்டிய அவசியமே இல்லை. அந்தம்மாவோட வக்கீலே எனக்காக வாதாடியிருக்கார். பிரமாணப் பத்திரத்துல நாலாவது பத்தியைப் படிச்சா போதும்."

நீதிபதியம்மா தாளைப் புரட்டி உரக்கப் படித்தார். "குறிப்பிட்ட நாளில் மனுதாரர் நீதிமன்றத்துக்கு வரத் தவறியதாலும், தன் வழக்கறிஞரைத் தொடர்புகொண்டு உரிய அறிவுறுத்தல் வழங்கத் தவறியதாலும், தடையை நீட்டிக்கக் கோர இயலாமற் போயிற்று."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. மனுதாரர் என்றால் தான்தான் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுடைய காப்பகத்தில் இது தினமும் நடக்கிற விஷயம். டம்ளரை உடைத்தவன் பக்கத்தில் நிற்கிறவனைக் கைகாட்டுவான். ஆனால் அங்கே கைகாட்டும் பிள்ளைக்கு உதடு பிதுங்கும், கண் கலங்கும். தம்பி கோட்டை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கட்சிக்காரரே அசட்டையா இருந்தா கோர்ட்டு எப்படி உதவ முடியும்?" என்றார் எதிர்த் தரப்பு வக்கீல். "மனுவைத் தள்ளுபடி செய்யணும்."

நீதிபதியம்மா தாளைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்தார். பார்வை பின்வரிசையில் வந்து நின்றது.

"அன்னைக்கு அஞ்சலிக் கூட்டத்துல கண்ணாடி கொண்டுவந்து குடுத்த அம்மா நீங்கதானே?"

அக்கா எழுந்து நின்றாள். "ஆமாங்கம்மா."

"இவங்க யாரு?" என்று தம்பியைக் கேட்டார்.

"மனுதாரர், யுவர் ஆனர்."

"அது தெரியுது. உங்களுக்கு யாரு?"

"...அக்கா, யுவர் ஆனர்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியம்மா சிரிக்கவில்லை. "அம்மா, அன்னைக்கு நீங்க இவர்கிட்ட கேஸ் விஷயமா ஏதாவது சொன்னீங்களா?"

"குமாஸ்தா கேட்டதும் வெளிய ஓடிப்போய்க் கூப்பிட்டேங்கம்மா. கோட்டப் பிடிச்சு இழுத்தேன். இன்னைக்கு கோர்ட்டே கிடையாது, வீட்டுக்குப் போன்னான். போனேன். மத்தியானம் இடிச்சுட்டாங்க. பிள்ளைங்க உள்ள தூங்கிட்டு இருந்துச்சுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதியம்மா தம்பியைப் பார்த்தார். அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலை அக்கா எத்தனை சாவு வீடுகளில் கேட்டிருக்கிறாள்.

"யுவர் ஆனர், முப்பதாண்டு காலமாக இந்த மன்றத்துக்கும், இந்தச் சமுதாயத்துக்கும் தன்னலம் கருதாமல்..."

"கேள்வி சின்னது, வக்கீல் சார். தவறு யாருடையது?"

"ஒரு தவறு நடந்திருக்கிறது, யுவர் ஆனர்."

"யாருடையது?"

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், எதிர்த் தரப்பு வக்கீலைப் பார்த்தான். முதுகு சொறிந்துவிட்ட நண்பர், இப்போது தன் பேனா மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். "என்னுடையது" என்றான். குமாஸ்தாவுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னான்.

உத்தரவு அங்கேயே பிறந்தது. தவறு வக்கீலுடையது, கட்சிக்காரர் மேல் குற்றமில்லை. நீதிமன்றம் துக்கம் கொண்டாடிய நேரம் பார்த்துக் காரியம் சாதித்தது நியாயமில்லை. மாதக் கடைசிக்குள் அறை முன்பு இருந்தபடி கட்டித்தரப்பட வேண்டும், குழாய்கள் உட்பட. முப்பது வருஷத் தொழிலில், எதிர்த் தரப்பு ஆட்சேபித்தும் தம்பி கைவைத்த மனு ஒன்று கட்சிக்காரருக்கு ஜெயமாக முடிந்தது அதுவே முதல் தடவை. நீதிபதியம்மா அவன் பேச்சை வெட்டியதால் முடிந்தது.

தாழ்வாரத்தில் யாரோ, "ஜெயிச்சுட்டீங்க போலிருக்கே சார்" என்று அவன் கையைக் குலுக்கினார்கள். அவன் குலுக்கக் கொடுத்துவிட்டு, "எல்லாம் நம்ம கடமைதானே" என்றான். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே நிற்காமல் நடந்தாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளெல்லாம் போனபிறகு அவன் காப்பகத்துக்கு வந்தான். எதுவும் நடக்காததுபோல் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான். அக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒருவழியா ரூமுக்கு உத்தரவு வந்துருச்சு" என்றான்.

அவள் பாயைச் சுருட்டினாள்.

"அந்த நாலாவது பத்தி அக்கா, அது வெறும் டிராஃப்டிங். எல்லா வக்கீலும் அப்படித்தான் எழுதுவாங்க. கட்சிக்காரங்க மேல போட்டாதான் கோர்ட்டு பாவம் பாக்கும். நீ அத மனசுல வெச்சுக்காத. எலெக்ஷன் முடியட்டும், உனக்குன்னு ஒரு..."

"டேய்." அவள் நிமிர்ந்தாள். "அன்னைக்கு நீ கேக்காம விட்டியே, அதுக்கு உம்மேல எனக்குக் கோவமே இல்ல. பேச்சு மயக்கத்துல இருந்த, விட்டுட்ட. ரூம் போச்சு, அழுதேன், அத்தோட சரி. சின்னப்புள்ளைல இருந்து நீ எதத்தான் ஒழுங்காப் பிடிச்ச."

"அதான் அக்கா நானும்..."

"இது அப்படி இல்லடா. இத உக்காந்து எழுதியிருக்க. எங்க அக்கா வரலன்னு எழுதி, படிச்சுப் பாத்து, கையெழுத்துப் போட்டு, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணி நிம்மதியாத் தூங்குன்னு சொல்லியிருக்க. தூங்கினேன்டா."

அவன் வாயைத் திறந்தான். எந்த வீட்டிலும், எந்தப் பிணத்தின் முன்னாலும் அவனுக்குச் சொல்லுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அக்கா பாயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், நிஜமாகவே காத்திருந்தாள். ஒரு வார்த்தை வந்திருந்தால்கூடப் போதும். அவன் கோட்டின் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"நேரமாச்சு, உன் வீட்டுக்குப் போ" என்றாள். "இனிமே வராத."

அவன் எழுந்தான். வாசல்வரை மெதுவாகத்தான் நடந்தான், எப்படியும் கூப்பிட்டுவிடுவாள் என்று. வெளியே போய்க் கம்பிக்கதவைச் சாத்தும்போதுகூட, கம்பி வழியே கைவிட்டுத் தாழ்ப்பாளைப் போடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அக்கா மீதிப் பாய்களைச் சுருட்டி மூலையில் அடுக்கினாள். பிறகு வந்து, அவன் கையை எடுத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டாள்.